ஹமீதாவும் பனிக்குப் போய்ச் சேர்ந்த செய்திகளும்

அந்தச் சனிக்கிழமை காலை ஹமீதாவின் தம்பி இஸ்மாயில் கூப்பிட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர் அவர். என்னிடம் பேசினால் தேங்காய் விலையில் தொடங்கி, வெயிலுக்கு வந்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். அன்று நேராகச் சொன்னார்.

"லாத்தாவுக்கு ரொம்ப முடியலைங்க. சீரியஸா இருக்காங்க. உடனே கிளம்பி வாங்க."

அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "தஞ்சாவூர் டாக்டர்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு... நீங்க நம்ம ஊருக்கே வந்துடுங்க" என்றார். என் காதில் தஞ்சாவூர் மட்டும்தான் நின்றது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர், இரண்டு துண்டு, ஒரு போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஹமீதா இதயத்துக்குக் காட்டிவந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் கணினியில் தேடிவிட்டு அப்படி யாரும் சேரவில்லை என்றாள். ஐசியூவில் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். அவசரப் பிரிவில் பார்க்கச் சொன்னேன். "வீட்டுல சரியா கேட்டுட்டு வாங்கம்மா" என்றாள்.

இஸ்மாயிலை மறுபடி அழைத்தேன். "ஊருக்குத்தானே வரச் சொன்னேன்" என்றார். பட்டுக்கோட்டைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒரத்தநாட்டில் பேருந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்த வாக்கியம். சீரியஸாக இருக்கிறார்கள், உடனே கிளம்பி வாருங்கள். அதை யார், யாருக்கு, எப்போது சொல்கிறார்கள் என்று ஹமீதாவும் நானும் வருடக்கணக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறோம். சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறோம். அப்படிப்பட்ட நான் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மதியத் தொழுகை முடிந்து அடக்கமும் ஆகியிருந்தது. "வெயிலுங்க, வைக்க முடியல. உங்களுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தோம்" என்றார் இஸ்மாயில். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்களே நம்பிட்டீங்களா? உங்களுக்குப் புரிஞ்சுடும்னுல்ல நெனச்சேன்" என்றார். அவர் மனைவி ஃபிளாஸ்க்கை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஹமீதாவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவர் செய்த வேலை உங்களில் பலருக்கே வேடிக்கையாகத் தெரிந்த ஒன்று என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் அவர் சமூகவியல், நான் வரலாறு. அவர் ஆராய்ந்தது துருவப் பகுதிகளை. பனியையோ பென்குவினையோ அல்ல; அங்கே வேலைக்குப் போய், கப்பலும் விமானமும் வராத குளிர்காலம் முழுவதும் தங்கிவிடும் மனிதர்களை. விஞ்ஞானிகள் மட்டும் இல்லாமல் சமையற்காரர், மின்பணியாளர், வண்டி ஓட்டுபவர், ஜெனரேட்டர் பார்ப்பவர் என்று அங்கே ஆட்கள் வேண்டும். அவர்களில் சிலர் நம் பக்கத்துக்காரர்கள். சூரியன் எழாத மாதங்களில் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள், யார் யாரோடு சாப்பிட உட்காருகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்றெல்லாம் மற்ற நாடுகளில் படித்திருக்கிறார்கள். ஹமீதா அதையெல்லாம் தேடி வாசித்தார். ஆனால் அவருடைய கேள்வி வேறு.

ஆசிரியர் அறையில் ஒருமுறை பொருளாதாரத் துறைக்காரர் ஒருவர் வம்புக்கு இழுத்தார். "என்ன மேடம், தஞ்சாவூர்ல ஃபேனைப் போட்டுக்கிட்டு அண்டார்டிகா ஆராய்ச்சியா?"

"ஃபேன் எங்க சார் ஓடுது? நேத்துலேருந்து கரண்ட் வந்து வந்து போகுது" என்றார் ஹமீதா. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சொன்னார்: "பனியைப் பார்க்க அங்க ஆளுங்க இருக்காங்க. பனிக்குப் போனவன் விட்டுட்டுப் போன வீடு இங்கதானே இருக்கு? அதை யாரு பார்க்கிறது?"

வடதுருவத்தில் காலங்காலமாக மனிதர்கள் வாழ்கிறார்கள், தென்துருவத்தில் குடிகளே இல்லை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்தக் கடைசி வரி அவருக்குப் பிடிக்காது. "குடி இல்லைங்கறாங்க. நன்னிலத்துக்காரன் ஒரு வருஷம் அங்க சோறு பொங்குறானே, அவன் யாரு வீட்டுக் குடி?" என்பார்.

அந்த நன்னிலத்துக்காரரால்தான் எல்லாம் தொடங்கியது. அவரை ரவி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வழக்கப்படி ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ரவி துருவ நிலையத்தில் சமையற்காரர். அவர் தங்கை எங்கள் மாணவி. ரவி பனியில் இருந்தபோது அவர் அப்பா இறந்துபோனார். டெல்டாவில் எல்லா வீட்டிலும் ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவர்களுக்குச் சாவை நேராகச் சொல்ல மாட்டோம். சீரியஸாக இருக்கிறார், கிளம்பி வா என்போம். அவர்கள் விமானம் ஏறி, வீட்டு வாசலில் பந்தலைப் பார்க்கும்போது மீதியைத் தெரிந்துகொள்வார்கள். ரவியின் பெரியப்பா மகன் துபாயில் இருந்தவர். தனக்கு ஒருமுறை சொன்னதுபோலவே தம்பி ரவிக்கும் சொல்லிவிட்டார். சொல்லி வைத்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு உறைத்தது, ரவி கிளம்பி வர வழியே இல்லை என்று. குளிர்காலம் தொடங்கியிருந்தது.

சீரியஸாக இருக்கும் அப்பாவைப் பற்றி மகன் வாராவாரம் விசாரித்தார். வீடு பதில் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. கப்பல் போகும் வரை அந்த வீடு இறந்துபோன ஒருவரை உடம்பு முடியாமல் வைத்திருந்தது.

ஹமீதாவும் நானும் அந்த வீட்டுக்குப் போனபோது ரவி இன்னும் திரும்பவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகள்தான் பேசினாள்.

"ஒரு வாரம் சளிம்போம். ஒரு வாரம் காலு வீக்கம்போம். ஒரு நாளு இவங்க பாட்டுக்கு நல்லாயிட்டாருன்னு சொல்லிட்டாங்க மேடம். அப்ப போனைக் குடுங்குறாரு. நான் என்ன செய்ய?"

"பாவமா இருந்துச்சுடி. புள்ள குரலு கம்முது" என்றார் அம்மா.

"என்ன சொன்னீங்க?" என்று ஹமீதா கேட்டார்.

"அப்பா தூங்குறாருன்னேன்" என்றார் அம்மா.

"நாளுக்கு மூணு வேளை கஞ்சி குடுக்குறோம்னு சொல்லியிருக்கேன் மேடம்" என்றாள் மருமகள். "எங்க மாமா உசுரோட இருந்தப்ப ஒரு வேளை ஒழுங்கா குடிச்சதில்ல. செத்தப்புறம்தான் நல்லா சாப்புடுறாரு."

மாமியார் அவளை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஹமீதா அதற்கு மேல் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் ஒன்றே ஒன்று சொன்னார்: "இது கொடுமை, வசந்தி. ரெண்டு பக்கமும் கொடுமை. சொல்லிடணும்."

அந்த ஆண்டுக் கருத்தரங்கில் அதைத்தான் வாசித்தார். அழுகையைத் தள்ளிப்போடும் அந்த வாக்கியம், விமானம் உள்ள ஊர்களுக்காக நாம் செய்துகொண்டது; விமானம் வராத இடத்தில் அது சிக்கிக்கொள்கிறது; பனிக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் புறப்படும் முன்பே கேட்டு வைத்து, சொல்லச் சொன்னால் சொல்லிவிட வேண்டும். தெளிவான கட்டுரை. எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

ரவி ஊர் திரும்பியதும் நாங்கள் போய்ப் பார்த்தோம். அவருக்கு எப்போது தெரியும் என்று ஹமீதா கேட்டார்.

"அம்மா, அப்பா தூங்குறாருன்னு சொன்னாங்க பாருங்க, அன்னிக்கே மேடம். எங்கப்பா பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்ல."

"அப்புறம் ஏன் வாரா வாரம் விசாரிச்சீங்க?"

"விசாரிக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமே." பிறகு அவரே சொன்னார்: "ஒரு நாளு கணக்கு வெச்சுப் பார்த்து, கருமாதி இன்னைக்குதான் இருக்கும்னு தோணுச்சு. வடை பாயசத்தோட எல்லாருக்கும் இலைச் சாப்பாடு மாதிரி ஆக்கிப் போட்டேன். என்னப்பா விசேஷம்னாங்க. சும்மாதான்னேன். நல்லா சாப்பிட்டாங்க மேடம்."

அடுத்த ஆண்டு அதே மண்டபத்தில் ஹமீதா வேறொரு கட்டுரை வாசித்தார். அது பொய் அல்ல, இரு முனையிலும் தெரிந்தவர்கள் சேர்ந்து பிடித்திருக்கும் ஒரு கயிறு. வெளியாட்கள் அதை அறுக்கக் கூடாது என்றார். வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்தார்.

"போன வருஷம் சொல்லிடணும்னீங்களே, மேடம்?"

"போன வருஷம் அவரோட அம்மாகிட்ட பேசியிருந்தேன். இந்த வருஷம் அவருகிட்ட பேசினேன்."

"அடுத்த வருஷம்?"

"அப்பாகிட்ட பேச முடிஞ்சா சொல்றேன்" என்றார் ஹமீதா. மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன். அந்தப் பதில் எனக்கு இப்போது சிரிப்பாக இல்லை.

அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று என்னிடம் இப்போது பலரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான். அவர் ஏன் ஒருமுறைகூடப் பனிக்குப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. கோடைக் குழுவில் சேர்ந்து போகும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். என்னிடம் மூட்டுவலி என்றார். மாணவிகளிடம் கப்பல் ஒத்துக்கொள்ளாது என்றார். வயதான உம்மாவை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றதாக இஸ்மாயில் சொல்கிறார். மூன்றும் உண்மையாக இருக்கலாம். மூன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் இந்த வேலையை விடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் பனியில் இருப்பவர், திருத்துறைப்பூண்டி பக்கத்தைச் சேர்ந்த மின்பணியாளர். செல்வம் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை அவர் ஹமீதாவுக்கு அழைப்பார். ஹமீதா கேட்பார், அவர் சொல்வார். நான் பிறகு அந்தப் பதிவைக் கேட்டு எழுதி வைப்பேன். அங்கே நடந்த சண்டைகள், வீட்டில் சொல்ல முடியாத பயங்கள், பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை எல்லாம் அதில் வரும். ஹமீதாவின் குரலில் அக்கறை தெரியும், அவசரம் தெரியாது.

அடக்கம் ஆன மறுநாளும் ஒரு ஞாயிறு. இஸ்மாயில் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"லாத்தா போனுக்கு நீள நம்பர்லேருந்து ஒரு கால் வந்துச்சுங்க. அண்டார்டிகாவாம். மேடம் எங்கன்னாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. லாத்தாவுக்குக் கொஞ்சம் முடியலன்னுட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்னங்க சொல்லச் சொல்றீங்க? ஐஸ்ல உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட மவுத்துன்னா சொல்றது?"

ஆக, இறந்த மறுநாளே ஹமீதாவும் அந்தக் கயிற்றில் ஏறிவிட்டார். அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த வாக்கியத்தைப் பற்றி ஒன்றும் படிக்காத அவர் தம்பி, அதை அவருக்கே போட்டுவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் செல்வத்தின் மனைவி என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு யாரோ சொல்லிச் சாவு தெரிந்திருந்தது. "சொல்லிடாதீங்க மேடம். என்கிட்டகூட அவரு மனசு விட்டுப் பேச மாட்டாரு. மேடம்கிட்டதான் பேசுவாரு. இன்னும் விடியவே இல்லையாம் அங்க. நான் ஐசியூல இருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்." இஸ்மாயிலோ, அவர் மறுபடி அழைத்தபோது, வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார். ஒரே நேரத்தில் ஹமீதா ஐசியூவிலும் இருந்தார், வீட்டிலும் இருந்தார். என்னை ஏதாவது ஒன்றாகச் சொல்லச் சொன்னார்கள். இருவருக்கும் நான்தான் படித்தவள்.

செல்வம் புறப்படும் முன் ஹமீதா அவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தார். வீட்டில் ஏதாவது ஆனால் சொல்லலாமா? யாருக்கு ஆனாலும் சொல்லிவிடுங்கள் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் ஹமீதா எப்போதும் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்: "கரையில நின்னு சொன்ன பதிலு வேற. பனியில அது செல்லுமான்னு தெரியாது." போதாததற்கு, யாருக்கு ஆனாலும் என்றபோது செல்வம் கேள்வி கேட்பவரையும் சேர்த்துத்தான் சொன்னாரா? தனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஹமீதா யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் கட்டுரையின்படி நான் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டுரையின்படி சொல்லக் கூடாது. இரண்டிலும் என் பெயர் இருக்கிறது. யாரிடம் கேட்டால் தெளியும் என்று யோசித்தபோதெல்லாம் எனக்கு ஹமீதாவின் பெயரே வந்தது.

அடுத்த ஞாயிறு காலை இஸ்மாயிலின் மண்டிக்குப் போய் அந்தப் போனை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பதில்களையும் மனதில் தயாராக வைத்திருந்தேன். எதைச் சொல்லப்போகிறேன் என்று போன் அடிக்கும் வரை உண்மையாகவே எனக்குத் தெரியாது.

"வசந்தி மேடமா? நீங்க பேசறீங்களா? ஆத்துல தண்ணி தொறந்துட்டாங்களா மேடம், எங்க பக்கம் வந்துடுச்சா?"

"வந்துட்டிருக்கு. இன்னும் கடைமடைக்கு வரலையாம்."

"நாத்து விட்டிருக்காங்களாமா?"

"விட்டிருக்காங்களாம்."

வரிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. தொலைவினால் விழுவதா, அவரே விடுவதா என்று புரியவில்லை.

"மேடம்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன். பேச வேணாம். குரலு கேட்டா போதும்."

எங்கள் இரண்டு கட்டுரைகளிலும் இதற்கு விடை இல்லை. தூங்குகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செல்வம், மேடம் இறந்துட்டாங்க. போன வாரம் வெள்ளிக்கிழமை" என்றேன். அதுகூடத் தவறாகச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமைதான். திருத்தினேன். இஸ்மாயில் என்னைப் பார்க்காமல் எழுந்து தராசுப் பக்கம் போய்விட்டார்.

"சரி மேடம்" என்றது குரல். வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. மண்டி சாத்தும் வரை உட்கார்ந்திருந்தேன். செல்வத்தின் மனைவி அழைத்து, "என்கிட்டயும் ரெண்டு வார்த்தைதான் பேசினாரு. சந்தோஷமா உங்களுக்கு?" என்றாள். அவளிடம் நான் கோபப்பட முடியாது. அவளுடைய கணவர் விடியாத ஊரில் இருக்கிறார். அவர் மனசு விட்டுப் பேச இருந்த ஒரே ஆளை நான் எடுத்துவிட்டேன். தஞ்சாவூர் திரும்பும் பேருந்தில் ஹமீதாவோடு மனதுக்குள் சண்டை போட்டேன். ஒரு கட்டுரையோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் செல்வம் அழைத்தார்.

"போன வாரம் பேச முடியல மேடம். லைன் இருந்துச்சு. நான்தான் கூப்பிடல." பிறகு, "மேடம் இருந்தா இப்ப என்ன கேட்டிருப்பாங்க?"

"தெரியலை, செல்வம்."

"எனக்குத் தெரியும். சொன்னது சரியா தப்பான்னு கேட்டிருப்பாங்க."

"சரியா?"

"இப்பவே கேட்டா எப்படி மேடம்? கோவமும் இருக்கு. சொல்லாம விட்டிருந்தா அதுக்கும் கோவம் வந்திருக்கும். கப்பல் வரட்டும், வந்து சொல்றேன். நீங்க வேற ஏதாவது கேளுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் இன்னும் குறட்டை விடுகிறாரா என்று கேட்டேன். "அதை ஏன் கேக்குறீங்க" என்று தொடங்கினார். அன்று நெடுநேரம் பேசினார்.

ஹமீதா ஒரே ஆளிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். பனியில் ஒருமுறை, ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை. பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் நான் முதலாவதைக் கோடு போட்டு அடிக்கப் பார்ப்பேன். "ரெண்டையும் வைங்க வசந்தி. ஒண்ணு பொய்னு யாரு சொன்னா?" என்று தடுத்துவிடுவார். அவர் இரண்டு கட்டுரைகளில் ஒன்றையும் ஏன் திரும்பப் பெறவில்லை என்று எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது. முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது.

அவருடைய புத்தகங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டன. போன் என்னிடம் இருக்கிறது. இஸ்மாயில் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். ஞாயிறு காலைகள் என்னிடம் இருக்கின்றன. நான் செய்தது சரியா என்ற கேள்வியும், அதற்குச் செல்வம் சொல்லப்போகும் இரண்டு பதில்களில் முதல் பதிலும் என்னிடம் இருக்கின்றன. அதை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.